எரியாத காற்று

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருடம் வேலை செய்தேன். தொண்ணூறுகளின் கடைசி. நான் அங்கே என்ன செய்தேன் என்று வீட்டில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் "சாணி கேஸ் வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். அதற்கு மேல் யாரும் கேட்டதுமில்லை.

றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தபோது இந்தத் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். தோட்டத்து மாட்டுப்பட்டிக்குக் கீழே சாணிக் கிடங்கு ஒன்று கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வரும் வாயுவில் பத்தில் ஆறு பங்கு மெதேன், அது எரியும். மீதி ஏறக்குறைய எல்லாமே காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு, அது எரியாது. எரியாதது கூடவே வருவதால் அடுப்பில் சுவாலை சோம்பிப்போய், மஞ்சளாக ஆடி, கதவு திறந்தால் அணைந்துவிடும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் புள்ளக்காம்பராவில் பால் காய்ச்சும் ஆயா, தீப்பெட்டியை மடியிலேயே வைத்திருப்பாள்.

எரியாததைப் பிரித்து எடுத்துவிட்டு, எரிவதை மட்டும் சிலிண்டரில் அடைத்து தோட்டத்தின் மேல் டிவிஷன்களுக்கும் அனுப்பலாமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு ஆள் உயரத்தில் இரண்டு இரும்புத் தூண்கள். இரண்டும் நிறையக் கரி. சாதாரணக் கரியல்ல, சூளையில் நீராவி விட்டுச் சுட்ட தேங்காய்ச் சிரட்டைக்கரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு பிடி கரியில் இருக்கும் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு விளையாட்டுத் திடல் போதாது. வாயுவை அழுத்தத்தோடு உள்ளே விட்டால் காபனீரொட்சைட்டு அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். மெதேன் அவ்வளவாக ஒட்டாமல் மேலே போய்விடும். ஒரு தூண் நிறைந்ததும் வாயுவை அடுத்த தூணுக்குத் திருப்பிவிட்டு, முதல் தூணின் வால்வைத் திறக்க வேண்டும். அழுத்தம் இறங்கியதும், ஒட்டியிருந்தது எல்லாம் கழன்று, சீறிக்கொண்டு ஒரு குழாய் வழியாக வெளியே போகும். பிறகு அந்தக் கரி மறுபடி வேலைக்குத் தயார்.

தூண்களைப் பார்த்துக்கொள்ள மாட்டுப்பட்டியிலிருந்து ஒருவரைக் கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டியவர். பீடி தவிர வேறு பழக்கம் இல்லாதவர். நான் அரைமணி நேரம் வரைந்து காட்டி விளக்கியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"கெட்ட காத்து கரிக்குள்ள ஒக்காந்துக்குது. நல்ல காத்து நிக்காம போயிருது. அப்புறம் ஒக்காந்திருக்கிறவன எழுப்பி வெளிய தொரத்துறோம். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதாண்ணே."

"அப்ப இம்புட்டு நேரம் என்னாத்த வரைஞ்சீங்க?"

அன்றிலிருந்து என்னைக் 'கேஸ் தொர' என்று கூப்பிட ஆரம்பித்தார். கோபம் வந்தால் மட்டும் 'சார்'.

தூண்கள் இருந்த இடம் பழைய உரக்காம்பரா. மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. வாசலிலிருந்து நான்கு படி கீழே இறங்க வேண்டும். மூன்று பக்கம் மண், பள்ளத்தைப் பார்த்த ஒரு பக்கம் மட்டும் சுவர். வால்வுக் குழாய் அந்தச் சுவரைத் துளைத்து வெளியே போனது. திறந்த கொட்டகையில் வைக்கத்தான் முதலில் நினைத்திருந்தோம். ஆனால் யுத்த காலம். பக்கத்தில் அணைக்கட்டும் மின்சார நிலையமும். இரும்புத் தூண், குழாய், கரி, இரண்டு தமிழர்கள் என்றதும் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. ஒரு முழுப் பகலும் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினோம். அதற்குப் பிறகு தோட்டத்து மேனேஜர் பெரிய தொர, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து உரக்காம்பராவைக் கொடுத்தார்.

திட்டத்தின் இரசாயன அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். கொழும்பிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். அறைக்குள் நெருப்பு கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கதவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினோம். தூண்களைப் பார்த்துக்கொண்ட அண்ணன் பீடியை வாசலிலேயே ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு இறங்குவார். நாங்கள் எல்லோரும் எரியும் காற்றுக்கே பயந்தோம். எரியாத காற்றைப் பற்றி அந்த அதிகாரி ஒரே ஒருமுறைதான் பேசினார், குழாயைப் பொருத்திய அன்று.

"இந்தக் குழாய் எப்பவும் வெளியிலதான் நிக்கவேணும். இது காத்தைவிடப் பாரம். உள்ளுக்கு வந்தா நிலத்திலதான் தேங்கும்."

"தெரியும் மிஸ்" என்றேன். தெரிந்துதான் இருந்தது. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

அந்த வருட ஆனி, ஆடியில் மழை விடவேயில்லை. பள்ளத்திலிருந்து காற்று மேல்நோக்கி அடித்து, மழைநீரைக் குழாய் வழியாகத் தூணுக்குள் ஏற்றிவிட்டது. கரி நனைந்தால் ஒன்றையும் பிடிக்காது. மேலே வரும் வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய தண்ணீர் பால்போல் வெளுத்தது. கரியைக் கொட்டி, தகரத்தில் வறுத்து, திரும்ப நிரப்ப நான்கு நாள் போயிற்று. திட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்குள் இன்னொரு தடவை நனைந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

குழாயின் வெளிமுனையில் கீழ்நோக்கி வளைந்த ஓர் எல்போவை மாட்டியிருந்தால் போதும். உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. அது கிடைக்கும்வரை என்று நினைத்து, குழாயை அறைக்குள்ளே இழுத்து, துளையைச் சாக்கால் அடைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க அட்டன் வழியாகத்தான் போய்வந்தேன். இரும்புக் கடைகள் திறந்திருந்தன. மழையில் இறங்கி நடக்கச் சோம்பல்பட்டு, பஸ்ஸிலிருந்து நேரே ரயிலுக்குப் போனேன். திரும்பும்போதும் அப்படியே வந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அண்ணன் படியேறி வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"தல கனக்குதுங்க. படி ஏறுனா நெஞ்சு படபடங்குது."

"குளிருதானேண்ணே. ஒரு பனடோல் போடுங்க. கதவ கொஞ்சம் தொறந்து வைங்க."

திறந்து வைத்தார். மழை உள்ளே அடித்து, வாயுவை அழுத்தும் மோட்டார் நனைந்தது. நானே போய்க் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை தலைவலி என்றார். இரண்டாவது தடவை 'சார்' என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் பேச்சை மாற்றினேன்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் புள்ளக்காம்பராவில், பிரித்தெடுத்த வாயுவை முதல்முறையாக அடுப்புக்கு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் சுவாலை நீலமாக, ஆடாமல் நின்றது. அப்படி ஒரு நெருப்பை அந்தத் தோட்டத்தில் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. ஆயா பால் சட்டியை வைத்துவிட்டு, "இன்னிக்குத்தாங்க தீப்பெட்டிய கீழ வச்சிருக்கேன்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நீலம் ஓரத்தில் மஞ்சளாயிற்று. பிறகு படபடத்தது. அணைந்தது. முதல் தூண் நிறைந்துவிட்டது, அடுத்ததற்குத் திருப்ப வேண்டியவர் திருப்பவில்லை என்று புரிந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் இறங்கிப் போனேன்.

கதவைத் திறந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தூண்களுக்கு நடுவே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பளி தோளில் இருந்தது. பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தல். தலை நெஞ்சில் தொங்கியது. மூன்றாவது படியில் என் மூக்கில் சோடா குடித்துப் புரையேறினது மாதிரி ஒரு குத்தல். அந்தக் குத்தலில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. மேலே வந்து மூச்சை அடக்கிக்கொண்டு திரும்ப இறங்கி, அவருடைய கைகளுக்கு அடியில் பிடித்து இழுத்தேன். ஒரு தடவையில் முடியவில்லை. மூன்றாவது தடவையில் வாசலுக்குக் கொண்டுவந்தேன். மழை அவர் முகத்தில் பெய்தது. கண் பாதி திறந்திருந்தது. அவர் நெஞ்சை அமுக்கினேன், வாயில் ஊதினேன், கத்தினேன்.

மாட்டுப்பட்டியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கம்பளியில் கிடத்தி டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "நீங்களும் வாங்க" என்று ஒருவர் கூப்பிட்டார்.

"மெசின நிப்பாட்டிட்டு வர்றேன்" என்றேன்.

மெசினை நிறுத்தினேன். கதவை அகலத் திறந்துவிட்டு, மழையில் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு உள்ளே போய், சாக்கைப் பிடுங்கி, குழாயைத் துளை வழியாக வெளியே தள்ளினேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அந்த நேரத்தில் என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கை தானாகச் செய்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். தானாகச் செய்யவில்லை. சாக்கை மடித்து, உர மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

டிஸ்பென்சரி ஐயா பார்த்தவுடனே மாரடைப்பு என்றார். ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்தவர்களும் இதயம் கொஞ்சம் பெருத்திருந்தது என்றார்களாம். மறுநாள் மரண விசாரணை அதிகாரி வந்தார். நல்ல மனிதர், இருட்டுவதற்கு முன்பே திரும்பவேண்டும் என்ற அவசரம். அவருக்குத் தமிழ் தெரியாது. டிஸ்பென்சரி விறாந்தையில் ஒரு மேசை போட்டு, அண்ணனின் மனைவியை எதிரில் உட்கார வைத்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண். முந்தின நாள் மலையிலிருந்து ஓடிவந்த அதே உடுப்போடு, மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் கட்டியபடியே இருந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். என்னைக் கூப்பிட்டார்கள்.

கணவருக்கு ஏதாவது நோய், வருத்தம் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அண்ணனின் மனைவி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ஒரு வாரமா தலவலிங்க. நெஞ்சடைக்குதுன்னு சொன்னாரு. வீட்டுல இருக்கையில ஒண்ணும் இல்ல. அந்த ரூமுக்குள்ள எறங்குனாத்தான் அப்பிடி வருதுன்னாரு. ஞாயித்துக்கெழம பூரா நல்லாத்தான் இருந்தாரு."

நான் சிங்களத்தில் சொன்னேன்: "ஒரு வாரமாகத் தலைவலியும் நெஞ்சு அடைப்பும் இருந்திருக்கிறது."

அதிகாரி எழுதினார். அவ்வளவுதானா என்று என்னைப் பார்த்தார். அவ்வளவுதான் என்றேன். எழுதியதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டி, சரியா என்று அவரிடம் கேட்கச் சொன்னார். "சரியாக்கா?" என்று கேட்டேன். அந்த அக்கா மேசையைப் பார்த்தார். தலையாட்டினார். பெருவிரல் ரேகை வாங்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து இரசாயன அதிகாரி வந்தார். அறைக்குள் இறங்கி, நேரே சுவரருகே போய் நின்றார். துளையைச் சுற்றியிருந்த சீமெந்து உதிர்ந்து கிடந்தது.

"குழாயை எப்ப உள்ளுக்கு எடுத்தனீங்கள்?"

நான் உதிர்ந்த சீமெந்தைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"எத்தினை நாள்?"

"ஒம்பது நாளு மிஸ்."

வெளியே வந்து மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். "நான் போய்ச் சொல்லப்போறன்" என்றார்.

கொழும்பில் ஒரு குண்டு வெடித்த நேரம் அவரைப் பதினொரு நாள் தடுத்துவைத்திருந்தார்கள். ஒருமுறை அட்டனுக்குப் போகும் வழியில் அவரே சொன்னது. அது தெரிந்துதான் நான் அதைச் சொன்னேன்.

"கேஸால ஆளு செத்துச்சுன்னு சொன்னா பொலிஸ் திரும்ப வரும் மிஸ். மொதல்ல உங்களத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க."

அவர் முகத்தில் இருந்த இரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மழைக்கோட்டின் பொத்தான்களைக் கடைசிவரை போட்டார்.

"நீங்கள் எனக்காகப் பயப்படேல்லை" என்றார் கடைசியில்.

அன்றே திரும்பிப் போனார். பிறகு வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் அனுப்பிய கடைசி அறிக்கையில், கழிவு வாயுக் குழாயை எக்காரணம் கொண்டும் அறைக்குள் எடுக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. யாரும் அதற்குக் காரணம் கேட்கவில்லை. வேறொருவரைத் தூண்களுக்குப் போட்டார்கள். நான் எல்போவை வாங்கி மாட்டினேன். அடுத்த வருடம் திட்டத்தை மூடினார்கள், தூண்கள் பழைய இரும்புக்குப் போயின.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. கந்தப்பளைப் பக்கம் ஒரு பாடசாலை. வருடா வருடம் காபனீரொட்சைட்டுப் பாடம் வரும். எரிகிற மெழுகுதிரிக்கு மேலே வாயு நிரப்பிய ஒரு கண்ணாடி முகவையைச் சரித்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழிந்து, திரி அணையும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்குவேன்.

சமாதான காலம் வந்தது. சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். பயம் என்று இனிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் நான் அண்ணனின் மனைவியைப் பார்க்கப் போகவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தார். ஒருநாள் ஆசிரியர் அறையில் குடியைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "எங்க தோட்டத்துலயும் ஒருத்தரு இருந்தாரு. வேல செய்யிற எடத்துலயே கசிப்பு குடிச்சு, நெஞ்சு வெடிச்சுச் செத்துட்டாரு. பக்கத்துல போத்தல் கெடந்துச்சாம்."

அந்தச் சனிக்கிழமையே போனேன்.

அண்ணனின் மனைவி லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தம்பி" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. குழாய், சாக்கு, ஒன்பது நாள், தலைவலிக்கு நான் கொடுத்த பனடோல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணையில் அவர் சொன்னதை முழுக்கச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"எனக்குச் சிங்களம் வெளங்கும்" என்றார்.

கத்தியை விறகில் குத்தி நிறுத்தினார்.

"சின்னப் புள்ளையில நாட்டுல ஒரு சிங்கள வீட்டுலதான் வேலைக்கு இருந்தேன். நீங்க ரூம் கதைய விட்டுட்டுச் சொன்னது அப்பயே வெளங்கிருச்சு. அய்யா வாசிச்சதும் வெளங்குச்சு. ஏதோ காரணமாத்தான் விடுறீங்கன்னு நெனைச்சேன். படிச்ச புள்ள, நம்ம ஆளு. நான் என்னமாச்சும் சொல்லி எசகேடா ஆயிருமோன்னு தலைய ஆட்டிட்டேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

"இப்ப வந்து சொல்லி நீங்க எறக்கி வச்சிட்டீங்க. நான் எங்க போயி எறக்கி வைக்கிறது? தலைய ஆட்டுனது நானுல்ல?"

அது உங்கள் தப்பில்லை என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவருக்கு வலிச்சிச்சா?"

"முதல்ல தலைவலியும் மூச்சுத் திணறலும் இருந்திருக்கும். அப்புறம் நினைவு போயிருக்கும்." பொய் சொல்லவில்லை. அந்த 'முதல்ல' எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியாது.

"குடிச்சுச் செத்தாருன்னு சொல்றாங்க தம்பி. எம் மகள் கல்யாணத்துலயே ஒருத்தன் சொன்னான். என்கிட்ட சொல்லி என்னா ஆகப்போவுது? அவங்ககிட்ட சொல்லுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தபோது சொன்னேன். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். முழுக்கச் சொன்னேன். போத்தலில் இருந்தது தேத்தண்ணி என்றும் சொன்னேன். ஒருவர் காறித் துப்பிவிட்டு எழுந்து போனார். அண்ணனுக்குப் பிறகு தூண்களைப் பார்த்துக்கொண்டவரும் அங்கே நின்றார். "அப்ப என்னையும் அதுக்குள்ளதான எறக்குனீங்க?" என்று கேட்டார். குழாய் அப்போது வெளியே இருந்தது என்றேன். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அண்ணனின் மனைவி ஓரத்தில் நின்று, எல்லோரும் கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார். "போயிட்டு வாங்க சார்" என்றார்.

மரணப் பதிவைத் திருத்த முடியுமா என்று பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தேன். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன், சிங்களத்தில், ஒன்றும் விடாமல். அந்த வருடத்துக் கோப்பைத் தேடவேண்டும் என்றார்கள். மூன்று முறை போனேன். கடைசித் தடவை, இருந்த எழுதுவினைஞர் மாறிப்போய்விட்டார், என் கடிதமும் அங்கே இல்லை. திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சான்றிதழில் இன்னமும் மாரடைப்பு என்றுதான் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது யாரும் கசிப்பு என்று சொல்வதில்லை என்று அந்த ஆசிரியை ஒருநாள் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், கொப்பிகளைத் திருத்திக்கொண்டே சொன்னார்.